வாத்தியாரும் நாமே, மாணவரும் நாமே

சென்னையில் ரிட்டயர் ஆனவர்களுக்கு உட்கார்ந்து கேட்பதற்குக் குறைவே இல்லை. உபந்நியாசம், பட்டிமன்றம், கச்சேரி, நூல் வெளியீடு, சர்க்கரை நோய் விழிப்புணர்வு என்று எந்த நாளும் ஏதோ ஒரு ஹாலில் நாற்காலி போட்டிருப்பார்கள். போனால் காபியும் கிடைக்கும். நமக்குத் தெரிந்ததை நாமே நாலு பேருக்குச் சொல்லி, அவர்கள் குறுக்குக் கேள்வி கேட்டு, பதில் தெரியாமல் வீட்டுக்குப் போய்ப் படித்துவிட்டு வருகிற இடம்தான் அரிது. பெரம்பூரில் நாங்கள் சிலர் சில வருடங்களாக அப்படி ஒன்றை நடத்தி வருகிறோம். உங்கள் பகுதியில் தொடங்க நினைப்பவர்களுக்கு உபயோகப்படட்டும் என்று எழுதுகிறேன்.

நான் ரயில்வே தபால் பிரிவான ஆர்.எம்.எஸ்.-இல், தபால்களை ஊர்வாரியாகப் பிரிக்கிற சார்ட்டிங் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். குழுவில் ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலை வெல்டர், பஸ் கண்டக்டர், வங்கி மேலாளர், அரசு ஆஸ்பத்திரி நர்ஸ், கல்லூரிப் பேராசிரியர், வேலைக்கே போகாத பெண்கள் என்று பதினைந்து, இருபது பேர் வருவோம். குழுவுக்குப் பெயர் கிடையாது. "செவ்வாய்க்கிழமைக்கு வர்றீங்களா?" என்று கேட்டுக்கேட்டு அதுவே பெயராகிவிட்டது. செவ்வாயைப் பிடித்ததற்கும் காரணம் உண்டு. அன்றைக்குக் கல்யாணம், கிரகப்பிரவேசம் என்று யாரும் பத்திரிகை நீட்ட மாட்டார்கள். காலை ஒன்பது முதல் பத்தரை எமகண்டம், மூன்று முதல் நாலரை ராகுகாலம். நம்புகிறவர்களுக்கும் தொந்தரவு இல்லாமல் பத்தரைக்குத் தொடங்கிப் பன்னிரண்டுக்கு முடித்துவிடுவோம். முருகன் கோயிலுக்குப் போகிறவர்கள் போய்விட்டு நெற்றியில் விபூதியோடு வந்து உட்காருவார்கள். பன்னிரண்டு என்றால் பன்னிரண்டுதான். எல்.கே.ஜி. பேரனைக் கூட்டிவரப் போக வேண்டியவர்கள் எங்களில் பலர்.

இப்படி நடத்துவதற்கு உலகத்தில் ஏற்கெனவே ஒரு வழி இருக்கிறது. 1973-இல் பிரான்ஸில் துலூஸ் நகரத்துப் பல்கலைக்கழகத்தில் பியர் வேலாஸ் என்ற பேராசிரியர் ஓய்வு பெற்றவர்களுக்காக வகுப்புகளைத் தொடங்கினார். மூன்றாம் பருவப் பல்கலைக்கழகம் என்று அதற்குப் பெயர். அங்கே பேராசிரியர்கள் நடத்தினார்கள், முதியவர்கள் கேட்டார்கள். எண்பதுகளின் தொடக்கத்தில் அது பிரிட்டனுக்குப் போனபோது பீட்டர் லாஸ்லெட் போன்றவர்கள் அதைத் தலைகீழாக்கினார்கள். பேராசிரியர் வேண்டாம், பரீட்சை வேண்டாம், பட்டம் வேண்டாம். உறுப்பினர்களே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுக்கட்டும் என்றார்கள். நாங்கள் பின்பற்றுவது இந்த இரண்டாவது வகை.

இதை நான் குழுவில் சொன்னபோது நர்ஸ் அம்மா, "அது நம்ம எழும்பூர் சரக்குதானே" என்றார். அடுத்த வாரம் விவரத்தோடு வந்தார். எழும்பூரில் ராணுவத்தாரின் ஆதரவற்ற பையன்களுக்கான இல்லத்தை 1789 முதல் கவனித்துவந்தவர் ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார். நம் ஊர்ப் பள்ளிக்கூடம் ஒன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் படிப்பதைப் பார்த்துவிட்டு, அதைத் தன் இல்லத்தில் கொண்டுவரச் சொன்னார். ஆசிரியர்கள் ஒத்துழைக்கவில்லை. ஜானி ஃபிரிஸ்கன் என்ற எட்டு வயதுப் பையனிடம் அந்த வேலையைக் கொடுத்தார். பையன் சின்னப் பிள்ளைகளுக்கு அழகாகச் சொல்லிக்கொடுத்துவிட்டான். 1797-இல் பெல் லண்டனில் இதைப் பற்றி ஒரு சிறு நூல் வெளியிட, 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் அங்கிருந்த பள்ளிகளுக்குப் பரவியது. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸில் இன்றும் மெட்ராஸ் காலேஜ் என்று ஒரு பள்ளி இருக்கிறது. இத்தனையும் சொன்னது பேராசிரியர் இல்லை, நர்ஸ் என்பதைக் கவனிக்க வேண்டும். அவர் அதற்கு முன் மேடையில் நின்று பேசியதே கிடையாது.

எங்கள் முதல் விதி, வெளியிலிருந்து யாரையும் பேச அழைப்பதில்லை. இதற்கு நாங்கள் வாங்கிக் கட்டிக்கொண்ட ஏச்சு கொஞ்சமில்லை. "எனக்குத் தெரிஞ்ச பெரிய டாக்டர் ஒருத்தர் இருக்கார், ஃப்ரீயாவே வருவார்" என்று யாராவது சொல்லிக்கொண்டே இருப்பார்கள். பெரிய டாக்டர் வந்தால் அன்றைக்குக் கூட்டம் நிறையும், நன்றாகவும் பேசுவார், நாமும் கை தட்டுவோம். அடுத்த வாரம் நம்மில் ஒருவர் எழுந்து நின்றால் நேற்று கச்சேரி கேட்டவர்கள் மாதிரி எல்லாரும் சாய்ந்து உட்கார்ந்து மார்க் போடுவார்கள். பயந்த சுபாவம் உள்ளவர்கள் அதோடு சரி, வாயைத் திறக்கவே மாட்டார்கள்.

இரண்டாவது விதி, வருகிற எல்லாருக்கும் முறை உண்டு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை சுவரில் ஒரு சார்ட் ஒட்டி, தேதிக்கு எதிரே பெயர் எழுதுகிறோம். பார்வையாளராக மட்டும் வருகிறேன் என்றால் இரண்டு மாதம் விடுவோம், அதற்கு மேல் விடுவதில்லை. கொஞ்சம் கண்டிப்பாகத் தெரியும். இந்த ஒரு விஷயத்தில் தளர்ந்தால் ஆறு மாதத்தில் நாலு பேர் பேசவும் மீதிப் பேர் தூங்கவும் ஆரம்பித்துவிடுவார்கள்.

"எனக்கு என்னம்மா தெரியும்" என்கிற பதிலை எதிர்கொள்வதுதான் கஷ்டமான வேலை. பெண்கள் அதிகம் சொல்வார்கள், கூலி வேலை பார்த்த ஆண்களும் சொல்வார்கள். "உங்களுக்கு எதில் அனுபவம்?" என்று கேட்டால் இன்னும் சுருங்கிப்போவார்கள். நாங்கள் கேட்பது வேறு: "அக்கம்பக்கத்துல எதுக்கு உங்களைத் தேடி வருவாங்க?" இதற்குப் பதில் இல்லாத மனிதரை நான் இதுவரை பார்க்கவில்லை.

அப்படி வந்ததுதான் ஏலச்சீட்டு வகுப்பு. எங்கள் குழுவில் ஒரு அக்கா பல வருடங்கள் தெருவில் சீட்டு நடத்தியவர், எட்டாவது வரைதான் படிப்பு. அட்டையில் பெரிய எழுத்தில் எழுதிவந்தார். இருபது பேர், மாதம் 1,000 ரூபாய், மொத்தம் 20,000. அவசரக்காரர் 4,000 தள்ளி 16,000-க்குச் சீட்டு எடுக்கிறார். அந்த 4,000 இருபது பேருக்கும் பிரிந்தால் ஆளுக்கு 200. அந்த மாதம் 800 கட்டினால் போதும். கடைசிவரை எடுக்காமல் இருப்பவர் மாதாமாதம் மற்றவர்கள் தள்ளியதில் பங்கு வாங்கிக்கொண்டே வந்து, முடிவில் முழுத் தொகையையும் வாங்குகிறார். "பணம் எங்கிருந்தும் வரல. அவசரப்பட்டவங்ககிட்டேருந்து பொறுத்தவங்களுக்குப் போகுது, அவ்வளவுதான்" என்றார்.

வங்கி மேலாளர் கால்குலேட்டரை எடுத்து, முதலில் எடுத்தவருக்கு வட்டி என்ன விழுகிறது என்று போட்டுப் பார்த்தார். வந்த எண்ணைப் பார்த்துவிட்டு, "பதிவு பண்ணின கம்பெனிக்கு 1982-ஆம் வருஷச் சட்டம் இருக்கு. உங்க சீட்டுல ஒருத்தர் எடுத்துட்டுக் கட்டாமப் போனா என்னம்மா பண்ணுவீங்க? ஜாமீன் கூட வாங்கறதில்ல" என்றார்.

"கட்டாமப் போறவங்களைச் சேர்த்தாதானே சார்? சேர்க்கறதுக்கு முன்னாடி ரெண்டு மாசம் பார்ப்பேன். மாசக் கடைசியில பால்காரர் அவங்க வீட்டு வாசல்ல நிக்கறாரா, பாலை ஊத்திட்டுப் போய்ட்டே இருக்காரா, மளிகைக் கடையில நோட்டுல எழுதறாங்களா, காசு கொடுக்கறாங்களா. அது போதும் எனக்கு."

மேலாளர் சிரித்துவிட்டு அதை நோட்டில் எழுதிக்கொண்டார். அப்புறம் சீட்டு மோசடிகளைப் பற்றி அவர் ஒரு வாரமும், சட்டத்தில் நடத்துபவரின் கமிஷன் வரம்பு 2019 திருத்தத்தில் 5 சதவீதத்திலிருந்து 7 ஆனதைப் பற்றி இருவரும் சேர்ந்து ஒரு வாரமும் எடுத்தார்கள். ஒரே தலைப்பில் அனுபவம் உள்ளவரையும் படித்தவரையும் ஜோடியாகப் போடும் வழக்கம் அதிலிருந்து வந்தது. ஜோடியில் தெரியாதவர்தான் முதலில் பேச வேண்டும். அவர் கேட்க நினைக்கிற கேள்விதான் மற்றவர்கள் மனதிலும் இருக்கும்.

வெல்டர் அண்ணன் இதற்கெல்லாம் ஒரு படி மேலே போனார். ஒரு செருப்புப் பெட்டியோடு வந்தார். மூடியை எடுத்துவிட்டு இரண்டு பக்கமும் பிடித்துத் திருகச் சொன்னார், நெளிந்தது. மூடியை வைத்துச் சுற்றி டேப் ஒட்டிக் கொடுத்தார். இப்போது திருகுங்கள் என்றார், அசையவில்லை. ஐ.சி.எஃப். பெட்டியில் தரையும் பக்கச் சுவரும் கூரையும் ஒன்றாக வெல்டு ஆகி எல்லாமாகச் சேர்ந்துதான் பாரத்தைத் தாங்குகின்றன என்பது எல்லாருக்கும் ஒரு நிமிடத்தில் விளங்கிவிட்டது. சுவிட்சர்லாந்து நிறுவனத்தின் ஒத்துழைப்பில் தொடங்கிய அந்தத் தொழிற்சாலையை 1955 அக்டோபர் 2-ஆம் தேதி நேரு திறந்துவைத்தார். எத்தனையோ வருடம் அதன் சுவரை ஒட்டி நடந்து போயிருக்கிறோம், உள்ளே என்ன நடக்கிறது என்று எங்களில் பாதிப் பேருக்குத் தெரியாது.

பெரிய பதவியில் இருந்தவர்களைக் கையாள்வது வேறு கதை. அவர்களுக்கு விஷயம் இல்லாமல் இல்லை, நிறுத்தத்தான் தெரியாது. எங்கள் பேராசிரியர் தொண்டையைக் கனைத்தால் ஐம்பது நிமிடம். எனவே யாராக இருந்தாலும் தொடக்கப் பேச்சு இருபது நிமிடம், போனில் அலாரம். அடித்ததும் பேசியவர் மற்றவர்களைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டுவிட்டு உட்கார வேண்டும். அதோடு, முதல் முறை பேசும்போது சொந்தத் துறையைப் பற்றிப் பேசக் கூடாது என்றும் வைத்தோம். பேராசிரியர் ரசாயனம் படித்தவர், தன் மொட்டைமாடித் தோட்டத்தைப் பற்றிப் பேசினார். தக்காளிச் செடி ஏன் காய்க்கவில்லை என்று கேட்டு, இல்லத்தரசிகளிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். அதற்குப் பிறகு மனிதர் கலகலப்பாகிவிட்டார்.

ஒவ்வொரு வகுப்பும் போன வாரத்தை நினைவுகூர்வதோடு தொடங்கும். பேசியவர் அல்ல, வேறொருவர், நோட்டைப் பார்க்காமல் ஐந்து நிமிடம் சொல்ல வேண்டும். திரும்பத் திரும்பப் படிப்பதைவிட, படித்ததை மனதிலிருந்து எடுத்துச் சொல்லிப் பார்ப்பதுதான் அதிகம் நிற்கும் என்பது கற்றல் ஆய்வுகளில் நன்கு நிலைபெற்ற விஷயம். நான் பின்கோடு பற்றிப் பேசிய அடுத்த வாரம் கண்டக்டர் தடுமாறாமல் சொன்னார்: 1972 ஆகஸ்ட் 15-இல் வந்தது, முதல் எண் மண்டலம், 6 என்றால் தமிழ்நாடும் கேரளமும், 9 என்றால் ராணுவத் தபால், முதல் மூன்று எண்கள் சார்ட்டிங்குக்கு, கடைசி மூன்று எந்தத் தபால் நிலையம் என்பதற்கு. "நம்மது 600011" என்று முடித்துவிட்டு, "29சி-ல ஏறி பெசன்ட் நகர் போற வரைக்கும் எத்தனை பின்கோடு தாண்டுதுன்னு யோசிச்சுட்டு வந்தேன்" என்றார். பின்கோடு முறையை யோசித்தது யார் என்று ஒருவர் கேட்ட கேள்விக்கு நான் அன்றைக்குத்தான் பதில் கொண்டுபோயிருந்தேன்: ஸ்ரீராம் பிகாஜி வேலங்கர், தபால் துறை அதிகாரி, சம்ஸ்கிருதக் கவிஞரும்கூட.

கை சுடுகிற தலைப்பும் வரும். பெரம்பூரில் இருந்துகொண்டு பக்கிங்ஹாம் அண்ட் கர்நாடிக் என்ற பி அண்ட் சி துணி மில்லைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியுமா? 1918 ஏப்ரல் 27-இல் பி.பி.வாடியா தலைமையில், திரு.வி.க. போன்றவர்கள் துணைநிற்க, சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானது அந்த மில் தொழிலாளர்களால்தான். அதுவரை எல்லாருக்கும் பெருமை. 1921 வேலைநிறுத்தத்துக்கு வந்ததும் அறையில் சத்தம் குறைந்தது. ஆதிதிராவிடத் தொழிலாளர்கள் பலர் வேலைக்குத் திரும்பினார்கள், மற்றவர்கள் வெளியே நின்றார்கள், புளியந்தோப்பில் கலவரம் மூண்டது, துப்பாக்கிச்சூடு நடந்தது. எங்கள் குழுவில் இரண்டு பக்கத்துக் குடும்பங்களின் பேரப்பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

அன்று எங்களைக் காப்பாற்றியது ஒரு சின்ன ஏற்பாடு. எதைச் சொன்னாலும் அது எங்கிருந்து வந்தது என்பதை முதலில் சொல்ல வேண்டும். "எங்க தாத்தா சொன்னது", "நான் கன்னிமாரா நூலகத்தில் படித்தது", "பத்திரிகையில் வந்தது". "எல்லாருக்கும் தெரியுமே" என்று தொடங்கினால் கை காட்டி நிறுத்திவிடுவோம். தாத்தா சொன்னதை யாரும் பொய் என்று மறுக்கக் கூடாது, படித்ததை வேறு புத்தகத்தைக் கொண்டு மறுக்கலாம். ஒரு அம்மா, தன் தாத்தா வேலைக்குத் திரும்பியதற்கு வீட்டில் சொன்ன காரணத்தைச் சொன்னார். பசி, அப்புறம் தங்களிடம் யாரும் கேட்காமல் முடிவெடுத்தார்கள் என்ற கோபம். எதிரே உட்கார்ந்திருந்த பாய், "எங்க வீட்ல இதை வேற மாதிரி சொல்லுவாங்க" என்று தன் பங்கைச் சொன்னார். யாரும் தீர்ப்புச் சொல்லவில்லை. மில் 1996-இல் மூடப்பட்டதுவரை அந்தத் தொடர் ஆறு வாரம் ஓடியது. ஆறு வாரத்துக்கு மேல் எந்தத் தொடரையும் இழுப்பதில்லை. உடம்புக்கு முடியாமல் இரண்டு வாரம் வராதவர் மறுபடி வந்து சேர்ந்துகொள்ள வழி வேண்டும்.

அதே ஏற்பாடு வாட்ஸ்அப் ஃபார்வர்டுக்கும் பொருந்தும். எங்கிருந்து வந்தது என்று சொல்ல முடியாததைக் குழுவில் போடக் கூடாது. இதனால் எங்கள் வாட்ஸ்அப் குழு சென்னையிலேயே அமைதியான குழுவாக இருக்கலாம்.

செல்போன் வகுப்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பிள்ளைகளிடம் கேட்டால் போனைப் பிடுங்கி அரை நிமிடத்தில் செய்து திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். வேலை முடிந்தது, நமக்கு ஒன்றும் விளங்கவில்லை. எங்கள் வகுப்பில் உதவி செய்கிறவர் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்ள வேண்டும். வாயால் மட்டும்தான் சொல்லலாம். போன வாரம் கற்றுக்கொண்டவர்தான் இந்த வாரம் சொல்லிக்கொடுப்பார், ஏனென்றால் எங்கே தடுக்கும் என்பது அவருக்குத்தான் இன்னும் ஞாபகம் இருக்கும்.

அக்டோபர் கடைசியில் ஜீவன் பிரமாண் வகுப்பு தவறாமல் நடக்கும். நவம்பரில் ஆயுள் சான்றிதழ் கொடுக்க வேண்டியவர்கள் போனிலேயே முகத்தைக் காட்டிக் கொடுத்துவிடலாம், 2021 முதல் அந்த வசதி இருக்கிறது. ஜீவன் பிரமாண் செயலியோடு ஆதார் ஃபேஸ் ஆர்.டி. என்ற செயலியும் வேண்டும் என்பது பலருக்குத் தெரியாது. ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்து, முகத்தில் வெளிச்சம் விழும்படி வைத்து, கண் சிமிட்டினால் சரியாக எடுத்துக்கொள்ளும். எங்கள் வெல்டர் அண்ணன் சிமிட்டச் சொன்னால் இரண்டு கண்ணையும் இறுக்கி மூடிக்கொள்வார். அவருக்கு மட்டும் கால் மணி நேரம் ஆனது.

'டிஜிட்டல் அரெஸ்ட்' என்று வீடியோவில் போலீஸ் உடுப்போடு மிரட்டுகிற மோசடியையும் நாங்களே நடித்துக் காட்டினோம். அப்படி ஒரு கைது நம் சட்டத்தில் கிடையாது, போனை வைத்துவிட வேண்டும், பணம் போய்விட்டால் உடனே 1930-க்கு அழைக்க வேண்டும். நடித்துப் பார்த்த பிறகுதான் ஒருவர் தனக்கு நடந்ததை வெளியே சொன்னார். பிள்ளைகளிடம்கூடச் சொல்லாமல் வைத்திருந்தாராம்.

இடம் பற்றி இரண்டு வார்த்தை. யார் வீட்டிலாவது வைத்துக்கொண்டால் அந்த வீட்டு அம்மா காபி போடுவதிலேயே இருப்பார், உட்கார மாட்டார். கோயில் மண்டபம் தாராளமாகக் கிடைக்கும், ஆனால் யாரும் தடுக்காவிட்டாலும் சிலர் வரத் தயங்குவார்கள். இப்போது ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் தரைத்தள அறையில், கரண்டுக்கு மட்டும் காசு கொடுத்து நடத்துகிறோம். படி ஏறாத இடம், பக்கத்தில் டாய்லெட், கைப்பிடி உள்ள நாற்காலி, இந்த மூன்றும் இல்லாத இடம் இலவசமாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

நாற்காலியை வட்டமாகப் போடுங்கள். வயதானால் காதில் முதலில் மங்குவது கீச்சொலிகள். ச, ட, க போன்றவை தெளிவாக விழாது. ஒருவர் பேசுவது கேட்கும், என்ன பேசினார் என்பது புரியாது. முகம் தெரிந்தால் உதட்டைப் பார்த்துப் பாதி பிடித்துவிடலாம். மின்விசிறியை நிறுத்தச் சொல்ல மாட்டேன், சென்னையில் அது நடக்காது. ஒரு சின்ன மைக், கையிலிருந்து கைக்கு மாறுகிற மாதிரி இருந்தால் இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசுவதும் நின்றுவிடும்.

மாதம் ஆளுக்கு ஐம்பது ரூபாய். கரண்டுக்கும் டீ, சுண்டலுக்கும் சரியாகிவிடும், மிஞ்ச விடுவதில்லை. பணம் மிஞ்சினால் சங்கம் வரும், சங்கம் வந்தால் தலைவர், செயலாளர், பொருளாளர், அப்புறம் ஆண்டு விழா, பொன்னாடை. எங்கள் குழுவில் பொன்னாடைக்குத் தடை.

இப்போது எங்களுக்கு இருக்கும் பிரச்சினை, கேள்விப்பட்டு வருகிறவர்கள் அதிகமாகிவிட்டது. இருபதுக்கு மேல் போனால் வட்டம் பெரிதாகிக் காதும் கேட்காது, முறையும் வராது. வில்லிவாக்கத்திலிருந்து வந்தவர்களிடம் உங்கள் பக்கத்திலேயே வியாழக்கிழமை தொடங்குங்கள் என்று சொல்லிவிட்டோம். முதல் மாதத்துக்கு மட்டும் இங்கிருந்து இரண்டு பேர் போய் உட்காருவார்கள். நானும் சீட்டு அக்காவும் போவதாக இருந்தது. அக்கா முடியாது என்றுவிட்டார், அவருக்கு அந்த வாரம் வேறு முறை இருக்கிறது. பேராசிரியரைக் கூட்டிப் போகிறேன், அலாரத்தோடு.